ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் காரமும் கூட. வெளியூர்களில் இருக்கும் நம் தமிழ்ச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், அப்பளம், புடவை, டிபன் என்று சின்னதாகத் தொழில் செய்யும் நம் ஆட்கள், இவர்கள் எல்லாம் வைத்திருக்கும் இணையதளங்களைப் பற்றியது. பேர் சொல்லி யாரையும் திட்டப் போவதில்லை. குதிருக்குள் இருப்பது யார் என்று அவரவருக்கே தெரியும் :-)

என் கட்சி இதுதான். இணையதளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கமும் சரக்கு. கடைச் சரக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, என்ன கணக்கோ அதே கணக்கு அதற்கும் வேண்டும். எத்தனை பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் குவித்துக்கொண்டே போவது தப்பு. "பழசைத் தூக்கினால் கூகுளில் மேலே வரலாம்" என்று எவனோ சொன்னதைக் கேட்டு அள்ளிக் கொளுத்துவது அதைவிடப் பெரிய தப்பு. நம் ஊர்க்காரர்கள் இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நான் படித்தது பி.காம். இருபது வருஷமாகப் பார்ப்பது வங்கி உத்தியோகம். இப்போது குப்பை கொட்டுவது அகமதாபாத்தில். இந்த ஊரில் ஜவுளி வியாபாரிகளுக்குக் கேஷ் கிரெடிட் கொடுத்துவிட்டு, மாதா மாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கி, அவ்வப்போது கிட்டங்கிக்கே போய் பேல் எண்ணிப் பார்ப்பது எங்கள் பிழைப்பு.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒருவர் 40 லட்ச ரூபாய்க்கு சரக்கு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். போய்ப் பார்த்தால், பின்வரிசையில் தூசி படிந்த பேல்கள். மூணு தீபாவளிக்கு முந்தைய டிசைன். கேட்டால், "மால் தானே சாஹேப், எங்கே போயிடும்?" என்பார். எங்கேயும் போகாது, அதுதான் பிரச்சினையே! நாங்கள் என்ன செய்வோம்? 40-ல் கடன் கொள்முதல் 8 லட்சத்தைக் கழிப்போம். நகராத பழைய சரக்கு 6 லட்சம் என்றால் அதையும் கழிப்போம். மிச்சம் 26. அதில் 25 சதவீதம் மார்ஜின் போனால் 19.5 லட்சம். அவர் எடுக்கக்கூடிய பணம் அவ்வளவுதான். 40 லட்சம் என்பது அவர் மனசில் இருக்கும் கணக்கு.

கணக்கியல் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கைக்கு வரும் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். 500 ரூபாய் கொடுத்து வாங்கிய புடவை இன்று 120 ரூபாய்க்குத்தான் போகும் என்றால் அதன் மதிப்பு 120. "நான் கஷ்டப்பட்டு வாங்கினேன்" என்பதற்கு ஐந்தொகையில் தனிப் பத்தி கிடையாது.

இப்போது நம் சங்கத்து இணையதளத்துக்கு வாருங்கள். "எங்கள் தளத்தில் 600 பக்கம் இருக்கிறது" என்று ஆண்டு விழாவில் மைக் பிடித்துச் சொல்கிறார்கள். நல்லது. அதில் எத்தனை பக்கம் தேடி வருகிற ஒரு மனுஷனுக்கு உபயோகப்படுகிறது? எத்தனை பக்கத்தில் இருக்கும் தகவல் இன்றைக்கு உண்மை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த நிர்வாகி ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். 600 என்பது ஸ்டேட்மென்ட். டிராயிங் பவர் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

குவிப்பவர்கள்

இது வெறும் கம்ப்யூட்டர் விஷயம் என்று நினைக்காதீர்கள். ஊரை விட்டு வந்த குடும்பத்துக்குத் தேடுபொறிதான் முதல் உறவுக்காரர். மாற்றலாகி வந்து இறங்கிய மறுநாள், குழந்தைக்குத் தமிழ் வகுப்பு எங்கே என்று தேடுகிறோம். வீட்டில் ஒரு துக்கம் நடந்தால் நம் முறைப்படி காரியம் செய்து வைக்க யார் கிடைப்பார்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்குத் தேடுகிறோம். அந்த நேரத்தில் முன்னால் வந்து நிற்பது, எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கமும், இன்று வேறு யாரிடமோ இருக்கும் ஒரு மொபைல் நம்பரும்.

ஒரு வடக்கத்தி ஊர்ச் சங்கம். பெயர் வேண்டாம். அவர்கள் தளத்தில் தமிழ் வகுப்பு பற்றி மட்டும் ஐந்து பக்கம். ஐந்திலும் வேறு வேறு இடம், வேறு வேறு நேரம். எல்லாமே ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கு உண்மையானது அதில் ஒன்றே ஒன்று, அது தேடலில் கடைசியில் வருகிறது. ஏன்? பழைய பக்கத்துக்குத்தான் நாலு பேர் இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். புதுப் பக்கத்துக்கு அவர்கள் முகப்பிலிருந்தே இணைப்பு இல்லை. கிட்டங்கியில் இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் இல்லை என்கிற சரக்கு மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், பூட்டிய பள்ளிக்கூட கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு தமிழ் வகுப்புக்கே போகவில்லை. இந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

இதைவிட மோசம் நன்கொடைப் பக்கங்கள். கும்பாபிஷேகத்துக்காகப் போட்ட பக்கம் விழா முடிந்தும் அப்படியே நிற்கிறது. அதில் முன்னாள் பொருளாளர் காலத்துக் கணக்கு எண், பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு. 2019 ஏப்ரல் 1-ல் விஜயா வங்கியும் தேனா வங்கியும் பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன், ஓரியண்டல், யுனைடெட் என்று ஆறு வங்கிகள் ஒரே நாளில் வேறு வங்கிகளோடு இணைந்தன. சிண்டிகேட் வங்கியின் பழைய கோடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. இன்றும் அந்தக் கோடுகளைத் தாங்கிய பக்கங்கள் இணையத்தில் உலவுகின்றன. வரிவிலக்குக்கான 80ஜி பதிவும் அப்படித்தான். 2021 ஏப்ரலில் வந்த புது முறையில் பழைய அறக்கட்டளைகளும் மறுபடி பதிய வேண்டியதாயிற்று. பழைய எண்ணைப் போட்ட பக்கம் இன்னும் தொங்கினால், அதை நம்பிப் பணம் போட்டவர் வரி தாக்கல் செய்யும்போது யாரைத் திட்டுவார்?

சரி, பழசைச் சரி பண்ணுங்கள் என்றால் என்ன செய்கிறார்கள்? "மாதம் 100 பக்கம், இத்தனை ஆயிரம் ரூபாய்" என்று ஒரு பேக்கேஜ்காரரைப் பிடிக்கிறார்கள். அவர் எடுக்கிறார் "மணிநகரில் சிறந்த இட்லி மாவு", "நரோடாவில் சிறந்த இட்லி மாவு", "வட்வாவில் சிறந்த இட்லி மாவு". ஊர்ப் பெயர் மட்டும் மாறும், மாவு ஒன்றுதான்! இப்போது செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு 100 என்பது 1000 ஆகிவிட்டது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தேடல் வரிசைக்காகவே மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. மனுஷன் எழுதினானா மெஷின் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை. படிப்பவனுக்குப் பிரயோஜனம் இல்லாமல் குவித்தால் அது ஸ்பேம். பேக்கேஜ்காரர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தண்டனை வாங்குவது உங்கள் தளம்.

கொளுத்துபவர்கள்

அடுத்த கோஷ்டி இதற்கு நேர் எதிர். 2023 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. சிநெட் என்ற பெரிய அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம், தேடலில் முன்னேற வேண்டும் என்பதற்காகப் பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது. அந்தச் செய்தி பரவியதும் கூகுள் தரப்பில் தேடல் தொடர்பாளராக இருந்த டேனி சல்லிவன், பழசு என்ற ஒரே காரணத்துக்காக நீக்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, பழையதும் பயன்படலாம் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் நம் ஆட்கள் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். "பெரிய கம்பெனியே தூக்குறான் சார், நாமும் தூக்கிடலாம்."

இவர்கள் சொல்லும் காரணம், "கூகுள் ரோபோ ஒரு தளத்துக்கு இவ்வளவு நேரம்தான் ஒதுக்கும், குப்பை இருந்தால் நல்ல பக்கத்தைப் பார்க்காமல் போய்விடும்". இந்த 'ஒதுக்கீடு' விஷயம் உண்மைதான். ஆனால் யாருக்கு? பத்து லட்சம் பக்கம் வைத்திருக்கும் தளங்களுக்கும், பத்தாயிரத்துக்கு மேல் இருந்து தினமும் மாறிக்கொண்டிருக்கும் தளங்களுக்கும். இதை கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு சைட்மேப் கோப்பிலேயே 50,000 முகவரி வரை போடலாம். 600 பக்கத்துச் சங்கத் தளத்துக்கு இந்தப் பயம் எதற்கு? பெட்டிக்கடைக்காரர் துறைமுகத்தில் இடநெருக்கடி என்று கவலைப்பட்ட கதை.

கொளுத்துவதில் எனக்கு இருக்கும் கோபம் வேறு. எரிந்துபோவது என்ன என்று பாருங்கள். 1970-களில் இங்கே வந்து இறங்கிய மில் தொழிலாளர்கள் சொன்ன நினைவுகளை யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து தட்டச்சு செய்து போட்டிருப்பார். மாதம் இரண்டு பேர்கூடப் படிக்க மாட்டார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவனுக்கு அது தூசி படிந்த பேல். ஆனால் அந்த விஷயம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது தமிழில் ஆர்வலர்கள் கட்டியிருந்த பக்கங்களும் சேர்ந்துதான் போயின. இன்டர்நெட் ஆர்கைவ் போன்றவர்கள் காப்பாற்றியது போக மிச்சம் போனது போனதுதான். அன்று மூடியது அமெரிக்காக்காரன். இன்று நம் கையாலேயே நாம் செய்கிறோம்.

இங்கேதான் சரக்கு உவமை ஒரு இடத்தில் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய புடவை நாளாக ஆக மதிப்பு குறையும். பழைய நினைவுக் கட்டுரை நாளாக ஆக மதிப்பு கூடும். பழைய வகுப்பு அட்டவணையோ ஒரே நாளில் செத்துப்போகும். ஆகவே வயசைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். என்ன ரகம் என்று பாருங்கள்.

லேபிள் படிக்க முடியாத சரக்கு

மூன்றாவது ரகம் நம் தமிழுக்கே உரியது. 2000-க்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு எழுத்துரு வைத்துத் தளம் கட்டினோம். டிஸ்கி, டாப், டாம், அதற்கு மேல் பத்திரிகைக்கு ஒன்று. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத கிறுக்கல். யூனிகோடில் 'முருகன்' என்று தேடினால் அந்தப் பக்கம் ஜென்மத்துக்கும் வராது. ஸ்கேன் பண்ணிப் படமாக ஏற்றிய மலர்களும் கிட்டத்தட்ட அதே கதிதான். சரக்கு நல்ல சரக்கு, பெட்டிமேல் லேபிள் இல்லை.

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு வெளியே போய் ஆள் தேட வேண்டாம். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998-ல் ஆரம்பித்து, தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்து செய்த வேலை. ஒவ்வொரு நூலுக்கும் வரிசை எண் உண்டு. முதல் எண் திருக்குறளுக்கு. டிஸ்கியில் இருந்ததை யூனிகோடுக்கும் கொண்டு வந்தார்கள். வரிசை எண், பெயர், வடிவம். இதற்குப் பெயர்தான் சரக்குப் பதிவேடு. கோடிக்கணக்கில் பணம் இல்லாமல் இதைச் செய்ய முடிந்திருக்கிறது. நம் சங்கத்தால் 600 பக்கத்துக்கு ஒரு பட்டியல் போட முடியாதா?

காலி இடத்தை யார் பிடிக்கிறார்கள்?

வங்கிக்காரன் என்ற முறையில் வயிற்றெரிச்சலோடு எழுதும் பகுதி இது. நிறுவனங்கள் தங்கள் பக்கங்களைக் கணக்கில் வைக்காவிட்டால் அந்த இடம் சும்மா இருக்காது. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுகிறார் ஊரில் இருக்கும் நம் அப்பா. உண்மையான பக்கம் பத்து அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்திருக்கிறது. மோசடிக்காரன் போட்ட பக்கமோ ஒரே விஷயத்தைப் பளிச்சென்று சொல்கிறது. போன் பண்ணுகிறார், போச்சு. தேடலில் கிடைக்கும் போலி எண்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டில் தனியாகவே எச்சரித்திருக்கிறது. (அப்படி நடந்துவிட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம்.)

இதற்காகத்தான் எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வங்கி அல்லாதவன் அந்த முகவரியை வாங்க முடியாது. அருமையான ஏற்பாடு. ஆனால் முகவரி மாற்றம் என்பது கிட்டங்கியையே இடம் மாற்றுகிற வேலை. பழைய முகவரியில் இருந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் புது இடம் எது என்று பட்டியல் இல்லாமல் இதைச் சரியாகச் செய்யவே முடியாது. பட்டியல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? எல்லாப் பழைய பக்கத்தையும் புது முகப்புக்கே திருப்பிவிடுவார்கள். கடன் விண்ணப்பம் தேடி வந்தவன் முகப்பில் வந்து முழிப்பான். கூகுளும் அதைப் 'பக்கம் இல்லை' என்றே கணக்கு வைக்கும்.

சங்கங்களுக்கும் இதே பாடம்தான். இணைய முகவரி என்பது கிட்டங்கி வாடகை. செயலாளர் மாறிய வருஷத்தில் புதுப்பிக்க மறந்தால், வேறு எவனாவது அந்தப் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவான். உங்கள் சங்கம் வருஷக்கணக்கில் சம்பாதித்த நல்ல பெயர்தான் அவனுக்கு மூலதனம்.

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

திட்டிவிட்டுப் போவது சுலபம். செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். ஒரு எக்செல் தாள் போதும்.

1. எல்லாப் பக்கத்தின் முகவரியையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். சைட்மேப்பில் இருப்பது மட்டும் போதாது. சர்வரில் கிடப்பதும், கூகுள் சர்ச் கன்சோல் காட்டுவதும் சேரட்டும். சர்ச் கன்சோல் இலவசம். 16 மாதக் கணக்கு வரை தரும்.

2. பக்கத்தில் ஐந்து பத்திகள்: விஷயம் என்ன, யார் பொறுப்பு, கடைசியாகச் சரிபார்த்த தேதி, தேடலில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள், வெளியிலிருந்து யாராவது இணைப்பு கொடுத்திருக்கிறார்களா. 'யார் பொறுப்பு' காலியாக இருந்தால் அந்தப் பக்கம் அநாதை என்று அர்த்தம்.

3. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தீர்ப்பு. வைத்துக்கொள், திருத்து, இன்னொன்றோடு சேர், நீக்கு. ஐந்தாவது தீர்ப்பு கிடையாது. 'அப்புறம் பார்க்கலாம்' என்பது தீர்ப்பே இல்லை.

4. ஒரே விஷயத்துக்கு ஐந்து பக்கம் இருந்தால் ஒன்றாக்குங்கள். மற்ற நான்கிலிருந்தும் 301 என்ற நிரந்தரத் திருப்புதல் போடுங்கள். குறைந்தது ஒரு வருஷமாவது அது இருக்கட்டும். எப்போதும் இருந்தால் இன்னும் நல்லது.

5. நிஜமாகவே செத்த பக்கம், அதற்கு மாற்றும் இல்லை என்றால் 404 அல்லது 410 சொல்லட்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல்வதில் அவமானம் ஒன்றுமில்லை. நீக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இன்டர்நெட் ஆர்கைவிலும் ஒன்று ஏற்றுங்கள்.

6. தேடலில் வர வேண்டாம், ஆனால் இருக்க வேண்டும் என்ற பக்கத்துக்கு 'நோஇண்டெக்ஸ்' போடுங்கள். அதையே ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடாதீர்கள். கதவையே பூட்டிவிட்டால், உள்ளே ஒட்டிய நோட்டீஸை ரோபோ எப்படிப் படிக்கும்?

7. பணம், போன் நம்பர், முகவரி, நேரம், இந்த நான்கும் உள்ள பக்கங்கள் முதல் தரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். பழைய விழாப் படங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும். விலை உயர்ந்த சரக்கை அடிக்கடி எண்ணு, ஆணி குண்டூசியை எப்போதாவது எண்ணு. பி.காமில் ஏ.பி.சி. அனாலிசிஸ் என்று சொல்லிக் கொடுத்தது இதுதான்.

உடனே ஒரு கேள்வி வரும். "சார், நாங்கள் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டு ஓசியில் சேவை செய்கிறோம். இதற்கெல்லாம் நேரம் ஏது?" நியாயமான கேள்வி. ஆனால் அதே ஓசிச் சேவையில்தானே வருஷம் 60 புதுப் பக்கம் ஏறுகிறது? அதில் 50-ஐ ஏற்றாதீர்கள். மிச்சமாகும் நேரத்தில் பழையதை எண்ணுங்கள். ஒரு நாளைக்குப் பத்து பக்கம் பார்த்தால்கூட இரண்டு மாதத்தில் 600 முடிந்துவிடும்.

இன்னொரு கேள்வி. "இப்போதெல்லாம் எல்லாரும் வாட்ஸ்அப்தானே, தளம் எதற்கு?" வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு. நேற்று ரயிலில் வந்து இறங்கியவரிடம் அந்த இணைப்பு எப்படி இருக்கும்? அவர் தேடத்தான் செய்வார். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலும், அதுவும் இதே பக்கங்களைப் படித்துத்தான் பதில் சொல்கிறது. பழைய நம்பரைப் படித்தால் பழைய நம்பரைத்தான் சொல்லும், அதுவும் ரொம்ப மரியாதையாக.

இந்த ஊர்க்காரர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் உண்டு. தீபாவளியன்று வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகத்தை வைத்து சோப்டா பூஜை செய்வார்கள். கடையை எண்ணிப் பார்த்து, பழைய கணக்கை முடித்து, லாப பஞ்சமி அன்று புதுசாகத் தொடங்குவார்கள். நாமும்தான் வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறோம். அடுத்த பூஜைக்கு, சங்கத்து இணையதளத்தின் பக்கப் பட்டியலை அச்சடித்து அதற்கும் ஒரு பொட்டு வையுங்களேன். பட்டியலே இல்லை என்றால், வரும் பொதுக்குழுவில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மிடம் மொத்தம் எத்தனை பக்கம் இருக்கிறது?"

பி.கு.: பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எக்செல் மாதிரித் தாள் வேண்டுபவர்களுக்கு அனுப்புகிறேன். காசு வேண்டாம், மார்ஜினும் பிடிக்க மாட்டேன் :-)